பூனையின் நீர்க்கடுப்பும் நாம் வைக்கும் உணவும்

 

சென்ற மழைக்காலத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே மூன்று வயது ஆண் பூனை.

"தம்பி, இதை மீன் மார்க்கெட் பக்கம் கொண்டு போய் விட்டுடுங்க. ரெண்டு நாளா முஸல்லா மேல, மெத்தை மேல, கண்ட இடத்துல மூத்திரம் பெஞ்சு வைக்குது. வீட்ல நிம்மதியா தொழ முடியல" என்றார்.

எங்கள் ஊழியர்களில் மூத்தவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "நெறைய போகுதா ராத்தா, சொட்டுச் சொட்டா போகுதா?"

அந்தத் தாய் சற்று யோசித்தார். "சொட்டுதான். நேத்து ராத்திரியிலேருந்து அதுவும் இல்ல. உட்கார்ந்து உட்கார்ந்து எந்திரிக்குது" என்றார்.

பெட்டி மீன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேரே கால்நடை மருத்துவமனைக்குப் போனது. பூனையின் சிறுநீர்க் குழாய் முழுவதுமாக அடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிய குழாய் செருகி அடைப்பை நீக்கினார்கள். மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் அது வீடு திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்குத் தெரிந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அலுவலகத் திண்ணையில் ஒரு பூனை இருந்தது. யாரும் வளர்க்கவில்லை, எல்லோரும் சோறு வைத்தோம். ஒருநாள் அது மூலையில் முக்கி முக்கி உட்காருவதைப் பார்த்தோம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டினோம். மறுநாள் வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு வந்தபோது படிக்கட்டில் விறைத்துக் கிடந்தது. அது மலச்சிக்கல் அல்ல, நீரடைப்பு என்பதை ஒரு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் பிறகு அறிந்தோம். அறியாமல் செய்தோம் என்றாலும் அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. அதே தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வாயில்லா ஜீவன் விஷயத்தில் நமக்குள்ள பொறுப்பு

ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்டாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கும் ஹதீஸ்தான் அது.

இன்னொரு செய்தியும் உண்டு. அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்ய மருமகள் கப்ஷா (ரஹ்) தண்ணீர் எடுத்து வைத்தார். அப்போது ஒரு பூனை வந்து அதில் வாய் வைக்க முற்பட்டது. அபூகதாதா (ரலி) அதை விரட்டவில்லை. அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். வியப்புடன் பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். இது அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ளது.

பூனைக்குத் தண்ணீர் கிடைக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அந்தச் செயல்தான் இந்தக் கட்டுரையின் சாரமும். பூனையின் சிறுநீர்ப் பாதையைக் காப்பதில் உணவைவிடவும் முந்தி நிற்பது தண்ணீர்.

பூனைக்கு ஏன் தாகம் குறைவு?

நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. தண்ணீர் அரிதான அந்த நிலத்தில், தான் பிடித்துத் தின்ற எலியிலும் குருவியிலும் உள்ள ஈரமே அதற்குப் பெரும்பகுதி தண்ணீராக இருந்தது. எலியின் உடலில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர்தான். ஆகவே அதன் சிறுநீரகம் நீரை வீணாக்காமல், சிறுநீரை மிகவும் கெட்டியாக்கி வெளியேற்றப் பழகியது. தாக உணர்வும் நாய்க்கு இருப்பதுபோல் பூனைக்கு இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு உணவிலிருந்தும் குடிப்பதிலிருந்தும் சேர்த்து ஏறத்தாழ 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் தேவை. கேட் ஃபுட் என்று கடையில் கேட்டு வாங்கும் உலர் தீனியில் நீர் ஏறத்தாழ 10 சதவீதம்தான். நாளொன்றுக்கு 60 கிராம் தின்றால் கிடைப்பது 6 மில்லி. மீதி முழுவதையும் அது குடித்தே ஈடுகட்ட வேண்டும். பெரும்பாலான பூனைகள் அவ்வளவு குடிப்பதில்லை. டப்பாவிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவிலோ 75 முதல் 80 சதவீதம் நீர். அதைத் தின்னும் பூனை தனியாகக் குடிக்காவிட்டாலும் தேவையின் பெரும்பகுதி உணவோடு உள்ளே போய்விடுகிறது.

சிறுநீர் கெட்டியாக இருந்தால் அதில் கரைந்துள்ள உப்புகள் படிகமாகப் பிரிகின்றன. சர்பத்தில் சர்க்கரை அதிகமானால் அடியில் தங்குவதுபோலத்தான். சிறுநீர் நீர்த்திருந்தால், அடிக்கடி வெளியேறினால், படிகம் சேர்ந்து கல்லாவதற்கு வாய்ப்புக் குறைகிறது.

நோய் ஒன்றல்ல, பல

பூனை அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக நீர் விட்டால் உடனே கல் என்று முடிவு செய்துவிடுகிறோம். உண்மையில் காரணங்கள் பல.

பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் மிகுதியாகக் காணப்படுவது, காரணம் உறுதியாகப் பிடிபடாத நீர்ப்பை அழற்சி. கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. ஆனால் நீர்ப்பை புண்பட்டு எரிச்சல் தரும். மன அழுத்தத்திற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கிருமித் தொற்று இளம் பூனைகளில் குறைவு, வயதானவற்றில் அதிகம். ஆகவே பார்மசியில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதில் பெரும்பாலும் பயன் இல்லை.

கற்களில் இரண்டு வகை முக்கியம். ஒன்று ஸ்ட்ரூவைட். மக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் ஆகியவை சேர்ந்து, காரத்தன்மையுள்ள கெட்டிச் சிறுநீரில் உருவாவது. மருத்துவர் எழுதித் தரும் தனி உணவால் இதைச் சில வாரங்களில் கரைத்துவிட முடியும். மற்றொன்று கால்சியம் ஆக்ஸலேட். இது எந்த உணவுக்கும் கரையாது. வெளியே எடுக்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டும் நமக்கு ஒரு பாடம் சொல்கின்றன. 1980களில் ஸ்ட்ரூவைட் கற்களைத் தடுப்பதற்காகப் பூனை உணவுகளில் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீர் அமிலத்தன்மை பெறும்படி மாற்றினார்கள். ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆனால் ஆக்ஸலேட் கற்களின் பங்கு கூடியது. ஒன்றை மட்டும் இழுத்துப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. எனவே சிறுநீரை அமிலமாக்கும் மருந்து, வைட்டமின் சி மாத்திரை போன்றவற்றை நாமாகக் கொடுப்பது ஆபத்து. என்ன கல் என்று சோதித்தறிந்த பிறகே அதற்கான உணவு. தண்ணீர் அதிகம் சேர்ப்பது மட்டுமே இரண்டு வகைக்கும் பொருந்தும் பொதுவான காப்பு.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

*கருவாடு.* பூனைக்குப் பிடிக்கும் என்று தலையும் வாலும் போடுகிறோம். அதில் உள்ள உப்பு மிக அதிகம். உப்புத் தின்றால் தண்ணீர் குடிக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். சில மருத்துவ உணவுகளில் அளவறிந்து உப்புச் சேர்ப்பது உண்மைதான். ஆனால் அது கருவாட்டுக்குப் பொருந்தாது.

*தினமும் மீன் மட்டும்.* முள், தலை, இறால் தோடு இவற்றில் தாது உப்புகள் மிகுதி. மத்தி, சூரை போன்ற எண்ணெய் மீன்களையே தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு அழற்சி உண்டாகும். சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அவை வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். மீன் கூடாது என்பதில்லை. மீன் மட்டுமே கூடாது.

*பிரியாணி, குருமா மிச்சம்.* வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. மசாலாவைக் கழுவிவிட்டுக் கொடுத்தாலும் கறியில் ஊறியது போகாது.

*பாலும் சோறும்.* வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, உடலில் இருக்கும் நீரும் போய்விடும். சோறே பிரதானமானால் சிறுநீர் காரத்தன்மை அடையவும் ஏதுவாகும். பூனை இறைச்சி உண்ணும் பிராணி. அல்லாஹ் அதன் உடலை அப்படித்தான் அமைத்திருக்கிறான்.

*கிண்ணம் நிறைய உலர் தீனி.* காலையில் கொட்டி வைத்தால் மாலை வரை கவலையில்லை என்பது நமக்கு வசதி. பூனைக்கோ நீர் குறைகிறது, எடை கூடுகிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும், கருத்தடை செய்யப்பட்ட, பருத்த ஆண் பூனைகளுக்கே நீரடைப்பு அபாயம் அதிகம்.

சரியான முறை

அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவற்றையே சொல்கிறோம்.

உலர் தீனியை நிறுத்த வேண்டியதில்லை. அதைவிடக் கூடுதலாக வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். நம் ஊர் வெயிலில் ஊறிய தீனி விரைவில் புளித்துவிடும். ஒரு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவுங்கள். ஒரே வேளையாகக் கொடுக்காமல் மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். முடிந்தவர்கள் ஒரு வேளையாவது ஈர உணவு கொடுக்கலாம்.

மீனோ கோழியோ கொடுப்பதானால் உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளையும் எலும்பையும் நீக்கிக் கொடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள். பூனையின் இதயத்திற்கும் கண்ணுக்கும் இன்றியமையாத டாரின் என்ற சத்து நீரில் கரைவது. வேகும்போது அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. டாரின் குறைந்தால் பூனையின் இதயம் பலவீனப்பட்டு வீங்கும் என்பது 1987இல் கண்டறியப்பட்டது. ஆறிய அந்தச் சாற்றை உணவோடு சேர்த்துக் கொடுத்தால் சத்தும் நீரும் ஒருங்கே சேரும்.

வீட்டு உணவு மட்டுமே கொடுப்பவர்கள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் கறியில் கால்சியம் போதாது. குர்பானி நாட்களில் ஈரலைத் தாராளமாகப் போடுவதும் வேண்டாம். வாரத்தில் ஓரிரு சிறு துண்டு போதும். மிகுதியானால் வைட்டமின் ஏ தேங்கி எலும்பைக் கெடுக்கும்.

தண்ணீரை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தையும் மணல் தட்டையும் விட்டுத் தள்ளியே இருக்கட்டும். மீசை இடிக்காத அகலமான கிண்ணம் நல்லது. மண்சட்டியில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். தினமும் மாற்றுங்கள். சில பூனைகள் ஓடும் நீரைத்தான் குடிக்கும். அதற்காக உளூச் செய்யும் குழாயடியில் வந்து நிற்கும். விரட்டாதீர்கள்.

உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றுங்கள். "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடுவது தவறு. பருத்த பூனை இரண்டு நாள் தின்னாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

மணல் தட்டும் இதில் சேர்த்தியே. அசுத்தமான தட்டில் பூனை இறங்காது, அடக்கிவைக்கும். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு பூனைகள் இருந்தால் மூன்று தட்டு என்பது கணக்கு. கல்யாண வீட்டுக் கூட்டம், வெள்ளையடிப்பு, புதிய பூனையின் வரவு இவையெல்லாம் அதற்குக் கலக்கம் தரும். அந்த நாட்களில் ஒதுக்கமான ஓர் அறையையோ மூலையையோ அதற்குக் கொடுங்கள்.

ரமளானில் நம் அடுப்பங்கரை பகலில் மூடியிருக்கும். நாம் நோன்பாளிகள், அது அல்ல. ஸஹருக்கு எழும்போது ஒரு வேளை, இஃப்தார் பரபரப்புக்கு முன் ஒரு வேளை, இடையில் இரண்டு வேளை என்று வைத்துக்கொள்ளலாம். லுஹருக்கு ஒருமுறை தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்து மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அவர்களுக்கு அது நல்ல பயிற்சி.

எப்போது ஓட வேண்டும்?

பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குவது, சொட்டுச் சொட்டாக நீர் விடுவது, நீரில் இரத்தம், உட்காரும்போது கத்துவது, சிறுநீர் வழியை ஓயாமல் நக்குவது, வழக்கமில்லாத இடங்களில் நீர் விடுவது ஆகியவை நீர்க்கடுப்பின் அடையாளங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவற்றோடு ஒரு சொட்டும் வரவில்லை என்றால், குறிப்பாக ஆண் பூனையாக இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. படிகமும் சளியும் சேர்ந்த சிறு கட்டி போதும், அடைத்துவிடும். நீர்ப்பை கல்போல் இறுகும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். வாந்தி, சோர்வு, பிறகு இதயம் நிற்கும். ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில் முடிந்துவிடும். எங்கள் திண்ணைப் பூனைக்கு நடந்தது இதுதான்.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை: வயிற்றை அமுக்காதீர்கள், நீர்ப்பை வெடிக்கலாம். விளக்கெண்ணெய் வேண்டாம். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், சிறுபீளைக் கஷாயம் என்று மனிதர்களுக்குக் கல்லடைப்புக்குக் கொடுப்பவற்றைப் புகட்டாதீர்கள். வழி அடைபட்டிருக்கும்போது இன்னும் நீர் சேர்ந்தால் வேதனை கூடும். வற்புறுத்திப் புகட்டினால் நுரையீரலுக்கும் போகும். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்

*பூனை வாய் வைத்த வாளித் தண்ணீரில் உளூச் செய்யலாமா?* மேலே சொன்ன அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தியே இதற்கு அடிப்படை. அந்தத் தண்ணீர் அசுத்தமாகிவிடாது. மத்ஹப் விளக்கங்களை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூனையின் சிறுநீர் நஜீஸ்தான். அது பட்ட முஸல்லாவையும் துணியையும் கழுவித்தான் தொழ வேண்டும். ஆனால் கழுவியதோடு நிறுத்திவிடாமல், ஏன் அங்கே பெய்தது என்றும் பாருங்கள்.

*வண்டிக் கூலிக்கும் வழியில்லாதவர்கள் என்ன செய்வது?* அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு குறைவு. அங்கே கொண்டு போகவும் இயலாதவர்கள் எங்களிடம் சொல்லுங்கள். ஜகாத் நிதியை இதற்குத் தொட மாட்டோம். அது குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினருக்கு உரியது. பொதுவான ஸதகாவாக வரும் தொகையிலிருந்து ஆட்டோ கூலிக்கு ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தாயின் வீட்டுப் பூனை இப்போது ஊறவைத்த தீனிதான் தின்கிறது. கூடத்தில் ஒன்று, கொல்லையில் ஒன்று என இரண்டு மண்சட்டிகளில் தண்ணீர் இருக்கிறது. முஸல்லா நனைவதில்லை. போன வாரம் வந்தபோது அவர் சொன்னார்: "அது சேட்டை பண்ணுதுன்னு நெனச்சேன் தம்பி. அது என்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

சொல்லத் தெரியாத ஜீவன்களின் வேதனையைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.